ஏரோ சார் வளர்த்த எலுமிச்சைப் புழு

ஆம்பூரில் பிறந்து, ஆம்பூரில் வளர்ந்து, ஆம்பூர் பிரியாணியையே "சுமார்" என்று சொல்லிவிட்டு உயிரோடு நடமாடிய ஒரே மனிதர் ஏரோ சார்தான். அவர் வாயிலிருந்து "நல்லாருக்கு" என்ற ஒரு சொல்லை ஐம்பத்தெட்டு வயதுவரை எவரும் கேட்டதில்லை. பெற்ற தாய் கேட்டதில்லை, சம்பளம் கொடுத்த முதலாளி கேட்டதில்லை. ஒருமுறை சோளிங்கர் மலைமேல் அத்தனை படியும் ஏறி நரசிம்மரைச் சேவித்துவிட்டு வந்தவரிடம், "தரிசனம் எப்படி சார்?" என்று கேட்டேன். "குரங்குங்களுக்கு ஒழுக்கம் கம்மிம்மா" என்றார். சாமியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று நான் அன்றைக்கு நிம்மதிப் பெருமூச்சு விட்டேன்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு புழுவின் முன்னால் மண்டியிட்டுக் கண்கலங்கி நின்றதை நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன். அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் தெளியவில்லை. எழுதினாலாவது தெளியுமா என்று பார்க்கிறேன்.

முதலில் பெயர்க் காரணம். எங்கள் பக்கத்து ஷூ கம்பெனிகளில் செக்கிங் என்று ஒரு வேலை உண்டு. தைத்து வரும் ஷூவின் மேல்தோலை ட்யூப்லைட்டுக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். மாடு உயிரோடு இருந்தபோது உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு, தடம் மாறிய தையல், எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் நகத்தளவுக்கு ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். அதற்குப் பெயர் ஏரோ. ஏரோ ஒட்டிய பீஸ் ரிஜெக்ட் ஆகித் திரும்பிப் போகும். ஒன்றும் ஒட்டாத பீஸ் பேசாமல் டப்பாவுக்குள் போய்க் கப்பல் ஏறும். அந்த செக்கிங் பிரிவுக்கு எங்கள் சார்தான் தலைவர். முப்பத்திரண்டு வருடம் அதே வேலை. மற்றவர்கள் ஷிப்ட் முடிந்தால் ஸ்டிக்கர் ரோலை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போவார். வினையே அதில்தான்.

நான் அதே கம்பெனியில் ஷிப்பிங் டாகுமென்ட் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். குடியிருந்தது அவர் வீட்டுக்கு நேர் எதிர் வீடு. ஆகவே பகலில் எட்டு மணி நேரமும் மீதிப் பொழுதும் அவருடைய பார்வைக்குத் தப்ப முடியாதவள் என்ற தகுதி எனக்கு உண்டு.

ஒருநாள் வெளிநாட்டிலிருந்து எங்கள் ஷூவை வாங்குகிற பையர் வந்திருந்தார். ஆறடி உயரம், வெள்ளை வெளேர் என்று இருந்தார். பெரிய ஆர்டர், கம்பெனியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் செக்கிங் மேசைக்குப் பக்கத்தில் வந்ததும் நம் சாரின் பார்வை கீழே போனது. அடுத்த நொடி சார் குந்தி உட்கார்ந்து, பையர் போட்டிருந்த இடது கால் ஷூவின் நுனியில் ஒரு ஏரோவை ஒட்டிவிட்டு எழுந்தார். புரொடக்‌ஷன் மேனேஜர் சுவரைப் பிடித்துக்கொண்டார். பையர் நிதானமாக ஷூவைக் கழற்றிப் பார்த்தார், பிறகு உள்ளே இருந்த முத்திரையை எங்கள் எல்லோருக்கும் திருப்பிக் காட்டினார். எங்கள் கம்பெனி ஷூ.

"அதான பாத்தேன். அது என் கண்ணுல படாம போன லாட்" என்றார் சார், வருத்தத்தோடு.

என் கல்யாண ரிசப்ஷனுக்கும் வந்தார். வாழ்த்திவிட்டு இறங்கியவர், போகிற போக்கில் மாப்பிள்ளையின் கோட்டுக் காலரில் ஒன்றை ஒட்டிவிட்டுப் போய்விட்டார். என் மாமியார் அதைப் பார்த்துப் பயந்துபோய், "இது உங்க பக்கத்து சடங்கா?" என்று என் அம்மாவிடம் கேட்டார். மறுநாள் கம்பெனியில் நான் சண்டைக்குப் போனேன். "கோபப்படாதம்மா, பையன் மேல ஒட்டல. தையல் அரை மில்லி வெளிய வந்திருந்துது" என்றார். பையனைப் பற்றி வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்த மனிதருக்கு ஒரு மனைவி. சுகுணா அக்கா. குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பம். தறிச் சத்தத்தில் வளர்ந்ததால் இயல்பிலேயே குரல் ஓங்கி இருக்கும், சிரிப்பு அதைவிட ஓங்கி இருக்கும். அந்த வீட்டில் தோசைக்கல்லில் ஏரோ இருக்கும். கதவுக் கொண்டியில் இருக்கும். சாம்பாரில் உப்பு கம்மி என்றால் கிண்ணத்தின் வெளிப்பக்கம் இருக்கும். அக்கா பாத்திரம் தேய்க்கும்போது நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுப்பார். "எண்ணெய் போட்டுத் தேச்சாதான் வசந்தி போவுது, இன்னா பசையோ" என்பார் என்னிடம். கம்பெனி இருந்தவரை ஒரு நாளைக்கு நாலோ ஐந்தோதான். ரிடையர் ஆனார் பாருங்கள், அத்தனை பார்வையும் ஒரே வீட்டின் மேல் இறங்கியது.

ரிடையர் ஆன ஐந்தாவது மாதம் அக்காவின் தம்பி வீட்டில் ஒரு காதுகுத்து. அக்கா புதுப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தனியாக பஸ் ஏறினார், சார் சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. பள்ளிகொண்டாவில் இறங்கி மாறி, குடியாத்தம் போய்ச் சேர்ந்து, சொந்தபந்தம் மொத்தமும் கூடியிருக்கிற பந்தலில் நடுநாயகமாக உட்கார்ந்தார். தம்பி மனைவி பின்னாலிருந்து கேட்டாள், "அண்ணி, இன்னா இது முதுகுல, சிவப்பா?"

ஆம்பூரிலிருந்து குடியாத்தம் வரை ரிஜெக்ட் ஸ்டிக்கரோடு போயிருக்கிறார் அந்த அம்மாள். அந்தச் சொந்தபந்தத்தில் பாதிப் பேர் தோல் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். அது என்ன ஸ்டிக்கர் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சிரித்திருக்கிறார்கள். சாரை வர வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டு அக்கா அன்று திரும்பி வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் எனக்கு போன் செய்தார். பின்னால் தறி தடதடத்தது.

"ரிஜெக்ட் ஆன பீஸை யாராவது வீட்ல வச்சுப்பாங்களா வசந்தி? நான் இங்கயே இருந்துக்கறேன். தம்பி பக்கத்துத் தெருவுல ஒரு போர்ஷன் பாத்திருக்கான். அடுத்த மாசம் முதல் தேதி பால் காய்ச்சிட்டு நான் தனியா போய்ட்றேன்."

"அக்கா, அவரு சுபாவம் உங்களுக்குத் தெரியாததா? முப்பது வருஷமா..."

"அதான். முப்பது வருஷமா. ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி, எதையாவது பாத்து நல்லாருக்குன்னு அவரு வாயில வரட்டும். என்னைப் பாத்து சொல்லணும்னு நான் கேக்கல. கல்லைப் பாத்து சொல்லட்டும், கழுதையப் பாத்து சொல்லட்டும். அன்னிக்கே வர்றேன். ஆனா நீங்க யாரும் சொல்லிக் குடுக்கக் கூடாது. சொல்லிக் குடுத்து வர்ற வார்த்தை எனக்கு வேணாம்."

போனை வைப்பதற்கு முன் குரலைத் தாழ்த்தி, "சாப்புட்றாரா? எலுமிச்சைச் செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லு" என்றார்.

இந்த நிபந்தனை ஒரே நாளில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. தெரியாத ஒரே ஆள் சார், அக்கா தம்பி வீட்டு ஒத்தாசைக்குத் தங்கியிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து எங்கள் தெரு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பக்கத்து வீட்டு கவுஸ் பாய், முன்பு தோல் வியாபாரம் செய்தவர், சாருக்குப் பழைய தோஸ்த். ஞாயிற்றுக்கிழமை தானே அடுப்பில் நின்று தம் போட்ட பிரியாணியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து சார் முன்னால் வைத்தார். நாங்கள் நாலு பேர் சுவர் ஓரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டோம்.

"எப்படி சார்?" என்றார் பாய்.

சார் மென்றார். கண்ணை மூடினார். "ரெண்டு அரிசி ஜாஸ்தியா வெந்துட்டுது பாய்."

"ரெண்டு அரிசியா! எந்த ரெண்டு?"

சார் அந்த இரண்டையும் தட்டின் ஓரத்தில் தனியாக எடுத்து வைத்துக் காட்டினார். பாய் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

ஒருநாள் மாலை மழை வந்து நின்று, வானத்தில் பளிச்சென்று வானவில். நான் ஓடிப்போய்க் கூப்பிட்டுக் காட்டினேன். அண்ணாந்து பார்த்து, "பரவால்ல" என்றார். அந்த மனிதர் அதுவரை பரவாயில்லை என்றுகூடச் சொன்னதில்லை. உடனே அக்காவுக்கு போன் போட்டேன். "பரவால்ல செல்லாது" என்று வைத்துவிட்டார். அவருக்கும் அந்த வீட்டுக் காற்று ஒட்டிக்கொண்டிருந்தது.

இப்போது எலுமிச்சைச் செடி. அக்கா நட்டது, சார் வீட்டுப் பின்கட்டில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், மார்பளவு உயரத்துக்கு வளர்ந்திருந்தது. சார் அதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. தண்ணீர் ஊற்றப் போனவர் கண்ணில் இலைகள் பட்டன. இலைகளில் ஓட்டை.

மறுநாள் காலை என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தபோது செடி சிவப்பாகத் தெரிந்தது. எலுமிச்சை எப்போது பூத்தது, அதுவும் சிவப்பாக, என்று இறங்கி ஓடினேன். பூ இல்லை. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு ஏரோ. சார் கம்பெனி லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு கிளை கிளையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலைல நாப்பத்தொண்ணு. டிபன் சாப்ட்டு வர்றதுக்குள்ள ஸ்டிக்கர் இல்லாத ஓட்டை மூணு. எவனோ லைன்ல வேலை பாத்துக்கினு இருக்கறாம்மா."

அந்த எவன் பிடிபட்டான். இலையின் மேல் காக்கை எச்சம் போலப் பழுப்பும் வெள்ளையுமாக ஒட்டிக்கொண்டிருந்தது, விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். சார் எச்சம் என்று நினைத்துத் தட்டப் போனார், அது நகர்ந்தது. புழு. அவ்வளவுதான், முப்பத்திரண்டு வருடத்துப் பழக்கம், கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது. புழுவின் முதுகிலேயே ஒரு ஏரோவை ஒட்டிவிட்டார்.

புழு தலையைத் தூக்கியது. கழுத்துக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு வெளியே வந்தது. கூடவே ஒரு நாற்றம். சார் "ஐயோ" என்று பின்னால் சாய்ந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். ஏரோ ஒட்டியதற்குப் பதிலுக்கு இரண்டு ஏரோவை எடுத்துக் காட்டிய முதல் பீஸை அவர் வாழ்க்கையில் அன்றுதான் சந்தித்தார். முகம் வெளிறிப் போய்விட்டது. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"மருந்து அடிச்சுக் கொல்லு சார், பேஜாரு" என்றார் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பாய். கோபத்தை அன்று மறந்துவிட்டார்.

"ரிப்போர்ட் எழுதாம ஸ்கிராப் பண்ண முடியாது பாய்" என்றார் சார். கம்பெனி விதி அது. எந்தச் சரக்கையும் குப்பைக்கு அனுப்புவதற்கு முன் முழுசாகப் பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, புழுவுக்கு எதிரே உட்கார்ந்தார். அன்றைக்கு எழுதி முடித்து, சாயங்காலம் மருந்து வாங்கப் போவதாகத் திட்டம்.

மூன்று நாள் ஆகியும் ரிப்போர்ட் முடியவில்லை. நான்காம் நாள் காலை, "வசந்தி! வசந்தி!" என்று ஒரு அலறல். கையில் இருந்த இட்லித் தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன், மனிதருக்கு மாரடைப்போ என்று. லென்ஸை என் கையில் திணித்தார்.

"பாரு. தோலு. தோலை உரிக்குது."

பார்த்தேன். எச்சம் போல அழுக்காக இருந்த அந்தத் தோல் பின்பக்கமாகச் சுருண்டு போயிருந்தது. உள்ளேயிருந்து பச்சை நிறத்தில், ஈரப் பளபளப்போடு வேறொரு புழு வந்துகொண்டிருந்தது.

"எத்தனை லட்சம் தோல் பாத்திருப்பேன். எல்லாம் செத்ததுக்கு அப்புறம் எடுத்த தோல். இது உசுரோட தன் தோலைத் தானே கழட்டிட்டு வருதும்மா. உள்ள பாரு, புதுசு. ஒரு கோடு இல்ல, ஒரு புள்ளி இல்ல."

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது திரும்பி, கழற்றிய பழைய தோலைத் தின்ன ஆரம்பித்தது. "வேஸ்டேஜ் கூட இல்ல" என்றார் சார், குரலே எழும்பாமல். தோலை முழுசாகத் தின்றது. கடைசியில் இலையின் மேல் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. சார் ஒட்டிய சிவப்பு ஏரோ.

அவர் அதை விரல் நுனியில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். "நான் ரிஜெக்ட் பண்ணினதை அது கேன்சல் பண்ணிட்டுது" என்றார். மண் தரையில் முட்டி போட்டிருந்தார். கண்ணில் தண்ணீர். இதோ வருகிறது அந்த வார்த்தை என்று நான் போனைக் கையில் எடுத்துத் தயாராக நின்றேன்.

"எப்படி சார் இருக்குது?"

உதட்டைத் திறந்தார். மூடினார். "இதுக்கு எந்த கிரேடு போடறதுன்னு தெரியலம்மா" என்றார். எனக்குச் செடியில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்றிலிருந்து மருந்து என்ற பேச்சே இல்லை. தேடினால் அந்தச் செடியில் பதினோரு புழு இருந்தது. ஓணான் வந்தால் விரட்டினார், கரிச்சான் குருவி வந்தால் விரட்டினார். கடைசியில் தன் கட்டிலுக்குக் கட்டியிருந்த கொசுவலையை அவிழ்த்துக் கொண்டுவந்து செடிக்குக் கட்டிவிட்டார். மறுநாள் காலை முகமெல்லாம் கொசுக்கடியோடு வந்து நின்றார். "உங்களுக்கு சார்?" என்றேன். "எனக்குத் தோல் கெட்டி" என்றார்.

அந்த வாரமே தெருவுக்குக் கொசுப் புகை அடிக்க வந்தார்கள். சார் அக்காவின் பழைய புடவைகள் நாலைக் கொசுவலைக்கு மேல் போர்த்திவிட்டு, கையை விரித்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டார்.

"நவுருங்க சார், டெங்கு வருது" என்றார் புகை மெஷின்காரர்.

"வாசல்ல அடி, சாக்கடையில அடி, என் மூஞ்சியில கூட அடி. பின்கட்டு என் லைன். அங்க புரொடக்‌ஷன் நடக்குது."

மெஷின்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் மெஷினை அணைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

காய்கறி வண்டி விஷயத்தில்தான் தெருவே ஆடிப் போனது. கத்தரிக்காய் விற்கிற அம்மாள் பத்து வருடமாக சார் தலை தெரிந்ததும் ஓட்டை விழுந்த காயையெல்லாம் சாக்குக்கு அடியில் தள்ளிவிடுவாள். அன்று சார் நேராக வந்து, "ஓட்டை இருக்கறதா பாத்துப் போடும்மா" என்றார். அவள் காதில் விழுந்ததை நம்பாமல் தராசைக் கீழே வைத்தாள். "இன்னா சார், உடம்பு சரியில்லையா?"

"ஓட்டை இருந்தா எதுவோ சாப்ட்டிருக்குதுன்னு அர்த்தம். சாப்ட்டுட்டு உசுரோட இருந்திருக்குது. நமக்கும் ஒண்ணும் ஆவாது" என்று ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போனார். இத்தனை காலம் ஓட்டையைக் குற்றம் என்று பார்த்த கண், யாருடைய சாப்பாடு என்று பார்க்க ஆரம்பித்திருந்தது. பாத்ரூம் வாளியில் விழுந்த எறும்பைத் தென்னங்குச்சியால் தூக்கிவிட்டார். தேனீ குடிக்கட்டும் என்று பாட்டில் மூடிகளில் தண்ணீர் ஊற்றிக் கூழாங்கல் போட்டு வைத்தார். யாரைப் பார்த்தாலும் சிரித்தார். அவருக்கு மேல்வரிசையில் ஒரு பல் தெத்திப்பல் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. முதல் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

பெரிய புழுக்கள் கூடு கட்டிக்கொண்டன. காம்பில் சாய்ந்து, ஒரு நூலால் இடுப்பைக் கட்டிக்கொண்டு, பச்சைக் கூடு. முதலில் கட்டியது நம் ஏரோவைக் கேன்சல் செய்த ஆசாமிதான். சார் அதற்கு எதிரே ஸ்டூலிலேயே குடியிருந்தார்.

முப்பதாம் தேதி காலை ஏழு மணிக்கு அக்காவிடமிருந்து போன். "நாளைக்குப் பால் காய்ச்சறோம் வசந்தி. என் சின்ன குக்கர் மேல் ஷெல்ஃபுல இருக்குது. எடுத்து குடியாத்தம் பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்து விட்று." அக்கா குரலில் சிரிப்பே இல்லை. போனைக் கையில் பிடித்தபடியே, அக்கா ஏதோ சொல்லிக்கொண்டே இருக்க, குக்கர் எடுக்க எதிர் வீட்டுக்குப் போனேன்.

பின்கட்டிலிருந்து சார் கையை மட்டும் நீட்டி என்னை அழைத்தார். பேசாதே என்று ஜாடை. போனேன். கூடு பிளந்திருந்தது. கருப்பும் மஞ்சளுமாக ஒரு பட்டாம்பூச்சி காம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. நனைந்த துணி போல இருந்த இறக்கை மெல்ல மெல்ல விரிந்தது. நான் யோசிக்காமல் போனில் ஸ்பீக்கரை அழுத்தினேன். இடது இறக்கை முழுசாக விரிந்தது. வலது இறக்கை விரிந்து வந்து பாதியில் நின்றுவிட்டது. ஓரம் சுருண்டே இருந்தது.

போச்சு என்று நினைத்தேன். நாலு வாரம் காத்திருந்து, அக்கா நாளைக்குப் பால் காய்ச்சப் போகிற நேரத்தில், கடைசியில் வந்தது டேமேஜ் பீஸ்.

சார் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "வலது ரெக்கையில ஓரம் மடிஞ்சிருக்குது" என்றார். கை பாக்கெட்டுக்குப் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் கையில் கைக்குட்டை இருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மடிஞ்சா இன்னா? நல்லாருக்குதும்மா. ரொம்ப நல்லாருக்குது."

போனில் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அக்கா குரல்.

"வசந்தி. எதைப் பாத்து சொல்றாரு?"

"பட்டாம்பூச்சிக்கா. எலுமிச்சைச் செடியில. ஒரு ரெக்கை கொஞ்சம் சுருங்கிப் போய்..." குதிப்பதைத் தவிர மற்றதெல்லாம் செய்தேன். "சொல்லிட்டாருக்கா! நீங்க வந்துடலாம்!"

"ரெக்கை ஒடஞ்ச பூச்சிக்கு வருது அந்த வார்த்தை" என்றார் அக்கா. குரல் உடைந்தது. "முப்பது வருஷம் கூட இருந்தேனே, எனக்கு ஒரு நாள் வந்துதா?"

கல்லைப் பார்த்துச் சொன்னால்கூடப் போதும் என்று அக்கா சொன்னதை நாங்கள் எல்லோரும் அப்படியே நம்பியிருந்தோம். எத்தனை மடத்தனம்.

சார் திரும்பினார். "சுகுணாவா? அழுவறாளா? இன்னா கேக்கறா?"

இனி மறைத்து என்ன? பந்தலில் சிரித்தது, தனி போர்ஷன், நிபந்தனை, நாளைக்குப் பால் காய்ச்சுவது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கேட்கக் கேட்க அந்த மனிதர் முகத்தில் இருந்த அதிர்ச்சியை நான் வேறு எந்த முகத்திலும் பார்த்ததில்லை. போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"சுகுணா, உன்மேல நான் என்னிக்காவது ஏரோ ஒட்டியிருக்கறனா?"

"முதுகுல ஒட்டினீங்களே!"

"புடவையில. ஜரிகை ஒரு இழை வெளிய வந்திருந்துது, பஸ்ல எங்கனா மாட்டி இழுத்துக்கும்னு ஒட்டினேன். கிண்ணத்துல ஒட்டினேன், கதவுல ஒட்டினேன். உன்மேல ஒட்டினனா? நல்ல பீஸ்ல நாங்க ஒண்ணும் ஒட்டமாட்டோம் சுகுணா. கையால ஒரு தடவு தடவிட்டுப் பேசாம டப்பாவுல வெப்போம். அதான் பாஸ் ஆனதுன்னு அர்த்தம். அதுக்கு மேல இன்னா இருக்குது? உனக்குத் தெரியும்னு இல்ல நெனச்சுக்கினு இருந்தேன்."

முப்பது வருடம் அந்த மனிதர் தன் மனைவியை இடைவிடாமல் பாராட்டிக்கொண்டு இருந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"அது ஷூவுக்கு சரி" என்றார் அக்கா. "ஷூவுக்குக் காது கிடையாது. எனக்கு ரெண்டு இருக்குதே!"

சார் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யார் முகத்தையும் பார்த்துச் சொல்ல முடியாமல் எலுமிச்சைச் செடியின் பக்கம் திரும்பிக்கொண்டார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"நீ நல்லவ சுகுணா" என்று முணுமுணுத்தார். "உன்மாதிரி ஒரு பீஸ் என் கைக்கு வந்ததே இல்ல."

போனில் அக்கா யாரையோ அதட்டினார். "டேய், தறியை நிறுத்துடா! உங்க மாமா இன்னாவோ சொல்றாரு!" தடதடப்பு நின்றது. குடியாத்தத்தில் அந்த வீடு மொத்தமும் மௌனமானது போனில் கேட்டது. "சரியா கேக்கல. திரும்பச் சொல்லுங்க."

சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, செக்கிங் லைன் கடைசி மேசைவரை கேட்கிற அந்தப் பழைய குரலில், முழுசாக இன்னொரு தடவை சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் கவுஸ் பாய் "யா அல்லா!" என்று எதையோ கீழே போட்டார். பட்டாம்பூச்சி கோணல்மாணலாக எழும்பி, கொசுவலை ஓரத்தைத் தாண்டி, பாய் வீட்டுப் பக்கம் போனது.

"அக்கா, குக்கரு?" என்றேன்.

"எதுக்கு? நான்தான் மத்தியானம் வர்றனே."

வந்தார். பையைக் கீழே வைக்காமலே வீட்டைச் சுற்றிப் பார்த்தார். செடியின் மேல் தன் புடவைகளைப் பார்த்தார், சாரின் முகத்தில் கொசுக்கடியைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்துவிட்டு, "இது மனுஷன் இருந்த இடமா?" என்று கத்தினார். சார் ஒரு வார்த்தை பேசாமல் பின்னாலேயே சிரித்துக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்காரரின் வேலை மாற்றலால் நான் இப்போது வேலூருக்கு வந்துவிட்டேன். சார் மாதத்துக்கு ஒருமுறை போன் செய்வார். எத்தனை முட்டை, எத்தனை கூடு, எத்தனை பறந்தது என்று கணக்குச் சொல்லிவிட்டு, நான் இந்தப் பத்திரிகையில் அவ்வப்போது எழுதுவதில் எங்கெங்கே தப்பு என்றும் சொல்வார். நான் "சரி சார், சரி சார்" என்று வைத்துவிடுவேன். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று இன்றுவரை அவரிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.